டபுள்-காலம் செய்தியில் ஒரு ஹெவிவெயிட்

2012 ஜூன். நடால் ஏழாவது முறையாக பிரெஞ்சு ஓபன் ஜெயித்த மறுநாள், யூரோ கால்பந்து வேறு ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஊசி நுழைய இடமில்லை. அப்போதுதான் தியோஃபிலோ ஸ்டீவன்சன் ஹவானாவில் மாரடைப்பால் இறந்துவிட்டார், வயது 60 என்று செய்தி ஏஜென்சியின் காப்பி வந்தது.

"யாருப்பா இது?" என்றார் சீஃப் சப் எடிட்டர்.

"கியூபா பாக்ஸர் சார். முகமது அலியோட மோதினா 50 லட்சம் டாலர்னு ஆசை காட்டினாங்க, வேண்டாம்னுட்டார்."

"அதையே தலைப்பா வை. டபுள் காலம், ரெண்டு பத்தி அகலம்."

வைத்தேன். 80 லட்சம் கியூபர்களின் அன்புக்கு முன்னால் பத்து லட்சம் டாலர் எம்மாத்திரம் என்று அவர் கேட்டதையும் சேர்த்தேன், இடம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். "அவர் போடாத சண்டையைப் பத்தி எழுதியிருக்கீங்க தம்பி, போட்டதைக் காணோமே?"

சரியான அடி. நான் வெட்டியதெல்லாம் அவர் போட்ட சண்டைகள்தான். 1971 பான் அமெரிக்கன் போட்டியில் டுவேன் பாபிக் என்ற அமெரிக்கரிடம் தோற்றவர், அடுத்த வருடமே ம்யூனிக் ஒலிம்பிக் காலிறுதியில் அதே பாபிக்கை மூன்றாவது ரவுண்டில் சாய்த்தார். பழைய வீடியோவைப் பாருங்கள், இடது கை நீண்டு நீண்டு தூரத்தை அளந்துகொண்டே இருக்கும், வலது கை அவசரமே இல்லாமல் காத்திருக்கும், அது இறங்கினால் அப்புறம் பத்து எண்ணுகிற ரெஃப்ரீக்குத்தான் வேலை. இறுதிப் போட்டிக்கு ருமேனியாவின் அலெக்ஸே கட்டைவிரல் உடைந்து வரவே இல்லை, ஒரு குத்துகூட விடாமல் தங்கம். பிறகு 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ. மாஸ்கோ அரையிறுதியில் ஹங்கேரியின் லேவாய் மூன்று ரவுண்டும் ரிங்கைச் சுற்றி ஓடியே தாக்குப்பிடித்தார், ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனிடம் முழு நேரமும் நின்ற முதல் ஆள் அவர்தான். சோவியத்தின் விசோட்ஸ்கியிடம் இரண்டு முறை தோற்றதையும் விட்டுவிட்டேன், இரங்கல் செய்தியில் தோல்வி எதற்கு என்று.

கியூபாவில் அப்போது, 1962 முதலே, தொழில்முறை விளையாட்டுக்குத் தடை இருந்தது. பணம் வாங்கிச் சண்டை போடுவதென்றால் ஊரைவிட்டே போயிருக்க வேண்டும். டாலரை வேண்டாம் என்றது அவர் முடிவு என்றே வைத்துக்கொள்வோம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை கியூபா புறக்கணித்தது அவர் முடிவா என்ன? ஹங்கேரியின் லாஸ்லோ பாப், ஸ்டீவன்சன், கியூபாவின் ஃபெலிக்ஸ் சாவோன் மூவருக்குமே தலா மூன்று ஒலிம்பிக் தங்கம்தான், நான்காவதை இன்னும் ஒரு ஆண் குத்துச்சண்டை வீரரும் தொடவில்லை. அவருக்கு அந்த வாய்ப்பு இருந்தது என்று நான் சொல்வது வெறும் பாசத்தில் அல்ல. 1986-ல், 34 வயதில், அமெரிக்காவின் ரெனோ நகரத்துக்கே போய், இறுதிப் போட்டியில் ஒரு அமெரிக்கரை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார்.

ரெனோ என் காப்பியில் கடைசி வரியாக இருந்தது. பக்கத்தில் அடங்கவில்லை என்று முதலில் தூக்கியது அதைத்தான்.