மெஷின் வந்த மலையில் வருமானக் கணக்கெடுப்பு: நாங்கள் செய்யும் முறை

இலங்கையின் தேயிலை மலைகளில் கொழுந்து வெட்டும் மெஷினால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு விடை மலையில் மட்டும் கிடைப்பதில்லை. யாரைக் கேட்பது, எதை வருமானம் என்பது என்று கேள்வித்தாள் எழுதும்போதே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

முதலில் பெயர்ப்பட்டியல். இன்றைய செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், இருப்பவர்களை மட்டும் கேட்டால் சராசரி வருமானம் கூடியதாகவே வரும். வேலை குறைந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனவர் அந்தத் தாளில் இல்லை. அதனால் மெஷின் வருவதற்கு முந்திய ஆண்டின் அதே மாதச் செக்ரோலை எடுத்து, அதிலுள்ள எல்லாரையும் தேடிப் போகிறோம். மாதம் மாறினால் மழை தந்த கொழுந்தும் மெஷின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது கிலோ. மெஷின் முற்றிய இலையையும் சேர்த்து வெட்டும். அதைப் பொறுக்கிப் பிரிக்கும் நேரத்தை விட்டுவிட்டு ஆளுக்கு இத்தனை கிலோ என்று எழுதுவது அரைக் கணக்கு. மெஷின் பிடிப்பவர் ஆணா பெண்ணா, பொறுக்குபவர் யார், யாருக்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) என்று தனித்தனியே பதிய வேண்டும். இதைக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி முன்னால் கேட்காதீர்கள்; மாலையில் தொழிலாளர் வாழும் லயத்தில், பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு வருமானத்தை ஒரே தொகையாக வாங்கினால் அவர்கள் இழந்தது கணவரின் சம்பளத்துக்குள் மறைந்துபோகும்.

அதிகம் தவறுவது சம்பளத்தில்தான். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது; அதை வைத்தே கணக்குப் பாருங்கள். அதற்கு மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும், சேர்த்து 202.50 ரூபாய். பறித்த கிலோவுக்குச் சம்பளம் என்ற கணக்குக்கு மாறியவர் நாளுக்கு 1450 ரூபாய் வாங்குகிறார், நிதி கட்டப்படுவதில்லை என்று வையுங்கள். கழிவுகளுக்கு முந்திய சம்பளத்தில் நூறு கூடியிருக்கும், தொழில்தருநர் கட்டும் நிதியையும் சேர்த்த மொத்தத்தில் 102.50 குறைந்திருக்கும். கைக்காசை மட்டும் கேட்கும் ஆய்வு இவரை முன்னேறியவர் என்று எழுதிவிடும். சம்பளச் சீட்டைப் பார்க்காமல் இந்தப் பகுதியை நிரப்பக் கூடாது.

கடைசியில் சமமின்மை. பொருளியலாளர் அந்தோணி அட்கின்சன் 1970இல் தந்த சமமின்மை அளவீட்டில் 0 என்றால் முழுச் சமம்; அதில், ஏற்றத்தாழ்வை எவ்வளவு பொறுக்க மாட்டோம் என்பதற்கு நாமே ஓர் எண் வைக்க வேண்டும். 20,000, 80,000 ரூபாய் பெறும் இரண்டு வீடுகளுக்கு, எண் 0.5 என்றால் விடை 0.10, 1 என்றால் 0.20, 2 என்றால் 0.36. வருமானம் அதேதான். நாங்கள் மூன்றையும் அச்சிடுகிறோம். நம்பியிருப்பது 2ஐ, ஏனெனில் அது வருமானம் மிகக் குறைந்த வீட்டின் இழப்புக்குக் கூடுதல் எடை தருகிறது. அந்தக் காரணத்தைப் பின்னிணைப்பில் ஒதுக்காமல் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதுகிறோம்.