புண்ணின் கரை

டிரஸ்ஸிங்கைப் பிரித்ததும் எல்லார் கண்ணும் புண்ணுக்குள்தான் போகிறது. ஆழம், சீழ், வாடை, சதையின் நிறம் எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். சுற்றியுள்ள தோலைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புண் மூடுவதோ விளிம்பிலிருந்து புதுத்தோல் உள்நோக்கி நகர்வதால்தான். அந்த விளிம்பு ஊறியோ உரிந்தோ போனால், நடுவில் எவ்வளவு நல்ல சதை வளர்ந்தாலும் புண் அப்படியே நிற்கும். அதைக் கெடுப்பது பல நேரம் டிரஸ்ஸிங் செய்யும் கைதான்.

முதலில் பிளாஸ்திரி. வயதானவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் மேல்தோலின் பிடிப்பு தளர்ந்திருக்கும். "சட்டுனு இழுத்துடுங்க சிஸ்டர்" என்று அவர்களே சொல்வார்கள், கேட்கக் கூடாது. மேல்நோக்கி இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். முனையைத் தூக்கி, பிளாஸ்திரியை அதன் மேலேயே மடித்து, தோலோடு தாழ்வாக, முடி வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். மறு கையின் விரல், அப்போதுதான் விடுபட்ட தோலை அழுத்திப் பிடித்தபடி பின்தொடர வேண்டும். வரவில்லையென்றால் ஓரத்தில் சிறிது லிக்விட் பாரஃபின் தடவலாம், புண்ணுக்குள் போகாமல். எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் புதிய பிளாஸ்திரி ஒட்டாது.

ஒட்டுவதிலும் தவறு நடக்கிறது. டைனாபிளாஸ்ட்டை (இழுபடும் பிளாஸ்திரி) இழுத்து ஒட்டினால் அது சுருங்கித் தோலை இழுக்கும். அடியில் வீக்கம் வந்தால் இன்னும் மோசம். ஓரங்களில் நீர்க்கொப்புளம் எழும். அலர்ஜி என்று எழுதிவிடுவார்கள். இழுக்காமல் நடுவில் வைத்து இரு பக்கமும் தடவி ஒட்டினாலே பெரும்பாலும் வராது. கை கால் புண்ணுக்குப் பிளாஸ்திரியே தேவையில்லை, ரோலர் பேண்டேஜ் போதும்.

அடுத்தது ஈரம். விளிம்பு வெளுத்துச் சுருங்கி, நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்போல இருந்தால் தோல் ஊறிவிட்டது என்று பொருள். சலைனில் நனைத்த காஸ் துணியைப் பிழியாமல், புண்ணைத் தாண்டிப் படரும்படி வைப்பது வழக்கமான காரணம். காஸ் புண்ணின் அளவுக்குள் நிற்க வேண்டும். மேலே வைக்கும் உலர்ந்த பேட் சுற்றிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் தாண்ட வேண்டும். கசிவு மிகுந்தால் விளிம்பில் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிதாகத் தடவலாம். அப்பிவைத்தால் பேட் உறிஞ்சாது, பிளாஸ்திரியும் நழுவும். மறுநாள் அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேற்பூச்சைத் துடைத்தால் போதும். பேட் எப்போதும் நனைந்தே இருந்தால், பேட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஏன் இவ்வளவு கசிகிறது என்று டாக்டரிடம் கேட்பதே சரி. தொற்றா, கால் வீக்கமா என்று பார்க்க வேண்டும்.

படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் தெரிவதில்லை. அதை நம்பி இருந்தால் தோல் கிழிந்த பிறகுதான் தெரியவரும். நல்ல வெளிச்சத்தில் கருமையோ ஊதாச் சாயலோ இருக்கிறதா என்று பார்த்து, புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தொட்டால் வலிக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சந்தேகமான இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது தொடக்கக் கணக்கு. தோலைப் பார்த்து அதை மாற்றிக்கொள்ள வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பு அழுந்தும். 30 டிகிரி சாய்வு போதும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை உறவினர்கள் ஆசையாக வாங்கி வருவார்கள். விளிம்பு அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் குறையும், வேண்டாம். குதிகாலுக்கு, தலையணையைக் கெண்டைக்கால் முழுக்க நீளவாக்கில் வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடலாம். ஏர் பெட் மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை, டயப்பர் என்று அடுக்கினால் ஏர் பெட்டின் பயன் போய்விடும்.

மலம், சிறுநீர் பட்ட இடத்தைக் குளியல் சோப்பால் தேய்த்தால் இன்னும் கெடும். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்து, உலர்த்தி, ஜிங்க் பூசலாம். பவுடர் ஈரத்தில் கட்டியாகி மடிப்புகளில் உராயும்.

கடைசியாக, மருத்துவச் சாதனங்கள். ஆக்சிஜன் மாஸ்க்கின் பட்டை காதுக்கு மேல் அறுக்கும். மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் மூக்குத்துளை ஓரத்தில் அழுந்தும். ஷிஃப்ட் மாறும்போது மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்து, டியூப்பை ஒட்டும் இடத்தைச் சற்று மாற்றி, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் சாச்சுரேஷன் புரோபை வேறு விரலுக்குப் போட வேண்டும்.