‘ஊடாக’ என்ற ஒரு சொல்லும் மைனஸ் அல்பாவும்

கல்வியியல் முதுமாணி ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்து இரண்டு கிழமையாகிறது. இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு எழுத்துப்பிழை கண்ணில் படும் என்று பயம்.

தலைப்பு, தரம் 10 மாணவர்களின் தனியார் வகுப்பும் கணித அடைவும். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெள்ளைச் சீருடைச் சைக்கிள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தவர்களுக்கு இந்தத் தலைப்பு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. முன்மொழிவு முதல் தடவையிலேயே சரிவந்தது. கரைச்சல் அதற்குப் பிறகுதான்.

பாடசாலைக்குள் போய்த் தரவு எடுக்க அனுமதி வேண்டும். மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. நான் அலைந்தது எந்த வலயத்துக்கு என்று சொல்லப்போவதில்லை. பல்கலைக்கழகக் கடிதம், வினாக்கொத்தின் பிரதி, பாடசாலைகளின் பட்டியல் எல்லாம் வைத்து நேரே பணிப்பாளருக்கு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உத்தியோகத்தர் வாங்கி மேசையில் வைத்தார். பத்து நாள் கழித்து, நான் படிப்பிக்கிற பாடசாலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

“மிஸ், உங்கட கடிதம் அதிபர் ஊடாக வரேல்லை.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

“அண்டைக்கு நான் வாசிக்கேல்லை.”

இதற்கு என்ன பதில் சொல்வது? திரும்பவும் எழுதி, எங்கள் அதிபரிடம் ஒரு கையெழுத்து, கோட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு கையெழுத்து என்று கடிதம் ஊர்ந்து போய்ச் சேர மூன்று கிழமை. வந்த அனுமதியில் நான்கு பாடசாலைகளில் மூன்றின் பெயர்தான் இருந்தது. நான்காவது தீவுப் பக்கம், வேறு வலயம், அதற்குத் தனிக் கடிதம். பாடசாலைகளைத் தெரிவு செய்யும்போதே எது எந்த வலயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் முடிவுத் திகதி போடுவார்கள். தவணை முடிவு என்று போட்டால் ஒப்புக்கொள்ளாமல் ஆண்டு முடிவு வரை கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் ‘கிடைத்தது’ என்று முத்திரையும் திகதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகர வேண்டாம்.

தீவுப் பயணம் வீணானதற்கு என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல முடியாது. காலை பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், படகேறி, வினாக்கொத்துப் பையை உப்புத்தண்ணீர் படாமல் மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால், தரம் 10 முழுக்க மைதானத்தில். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முதலாம் தவணையில் இது நடக்கும் என்று ஒரு ஆசிரியைக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதிபர் தேத்தண்ணி தந்து அனுப்பிவைத்தார்.

வினாக்கொத்து அச்சடித்த கதை சின்னது. வீட்டுக் கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, கடைக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. யூனிக்கோட்டுக்கு மாற்றி, பீடிஎவ் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

மாதிரி எண்ணிக்கைக்கு எல்லோரையும் போல நானும் 1970இல் வந்த கிரெஜ்சி–மோர்கன் அட்டவணையைத்தான் பிடித்தேன். நான்கு பாடசாலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 400 பிள்ளைகள். 400க்கு நேரே 196 என்று இருக்கிறது. பிள்ளைகள் வயது குறைந்தவர்கள் என்பதால் பெற்றோர் சம்மதப் படிவம் வேண்டும். அந்தப் படிவங்கள் புத்தகப் பைகளின் அடியில் கிடந்து சாப்பாட்டுக் கறையோடு திரும்பி வந்தன. வந்த ஒழுங்கில் எண்ணி 196 சேர்ந்ததும் நிறுத்தினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

இனி அல்பா. மனப்பாங்கு பற்றி 12 கூற்றுகள், லைக்கேர்ட் முறையில் ஐந்து தெரிவுகள். பாதி நேர்க்கூற்று, பாதி எதிர்க்கூற்று. தரவு முழுவதையும் எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றி, இரவு பதினொன்றரைக்கு நம்பகத்தன்மைக்கான குரொன்பாக் அல்பாவைக் கேட்டேன். கூற்றுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண் அது. 0.7க்கு மேல் வந்தால் போதும் என்று பிரார்த்தனை. வந்தது மைனஸ் 0.21.

மைனஸ்! கணிதம் படிப்பிக்கிறவளுக்கு வியர்த்துவிட்டது. 196 பேரின் தரவும் குப்பை என்று முடிவுகட்டி அழுதுவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். விடிய எழும்பி வந்து பார்த்தால், அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் குறியீடுகளைச் சரிபார்க்கச் சொல்லி மென்பொருளே எழுதியிருக்கிறது. எதிர்க்கூற்றுகளின் புள்ளியைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். 1ஐ 5 ஆக்க வேண்டும், 2ஐ 4 ஆக்க வேண்டும். 6இலிருந்து கழித்தால் சரி. திருப்பிப் போட்டதும் 0.63.

மிச்சத்தைக் கெடுத்தது ஒரே ஒரு கூற்று: ‘தனியார் வகுப்பு இல்லாமல் கணிதத்தில் சித்தியடைய முடியாது என நான் நினைக்கவில்லை.’ ஆங்கிலக் கருவி ஒன்றிலிருந்து நானே பெயர்த்தது. சத்தமாக வாசித்துப் பாருங்கள். ‘இல்லாமல்’, ‘முடியாது’, ‘நினைக்கவில்லை’ என்று மூன்று மறுப்பு. 15 வயதுப் பிள்ளை அதற்கு உடன்படுவதா, விடுவதா? அதை நீக்கினேன், 0.72. முன்னோடி ஆய்வு செய்யவில்லையா என்று கேட்பீர்கள். 30 பிள்ளைகளோடு செய்தேன்தான். எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, தாள்களைக் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தேன். முன்னோடித் தரவையும் கணினியில் போட்டுப் பாருங்கள், அதற்குத்தான் அது.

நேர்காணல் என் திட்டத்திலேயே இருக்கவில்லை. அளவறி முறை மட்டும் போதும் என்றுதான் நின்றேன். மேற்பார்வையாளர் விடவில்லை: “எத்தனை பேர் போகினம் எண்டு உம்மட எண் சொல்லும். ஏன் போகினம் எண்டு ஆர் சொல்லுறது?” முணுமுணுத்துக்கொண்டே எட்டுப் பேரை எடுத்தேன், ஆறு மாணவர், இரண்டு ஆசிரியர்.

அதில் ஒரு பிள்ளை, மாமரத்துக்குக் கீழே வாங்கில், சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறியபடி சொன்னது: “வகுப்பில படிப்பிக்கிறது நல்லா விளங்கும் எண்டு பேப்பரில போட்டனான் மிஸ். ரீச்சர் பின்னால நிண்டவா.” எனக்குச் சுருக்கென்றது. அந்த வகுப்பில் 30க்கு மேற்பட்ட தாள்களில் அந்தக் கூற்றுக்கு ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்று வந்ததைப் பார்த்து, நல்ல முடிவு என்று நான் ஏற்கனவே ஒரு பந்தி எழுதியிருந்தேன். ஆசிரியரை வெளியே போகச் சொல்லக் கூச்சப்பட்டது நான்தான்.

பிறகு, ஏன் ரியூசனுக்குப் போகிறாய் என்று கேட்டேன். “எல்லாரும் போகினம். போகாட்டிப் பின்னேரம் கதைக்க ஆளில்லை.” என் வினாக்கொத்தில் காரணங்கள் ஐந்து போட்டிருந்தேன். பரீட்சைப் புள்ளி, பெற்றோர் வற்புறுத்தல், பாடம் முடியாமை என்று. கதைக்க ஆளில்லை என்பது அதில் எங்கேயும் இல்லை. ‘வேறு’ என்று ஒரு கோடு விட்டிருந்தேன். அதில் எழுதியவர்கள் நான்கு பேர்.

நேர்காணல் பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. 35 நிமிடப் பதிவுக்கு எனக்கு நான்கு இரவுகள் போயின. காகம், கோயில் ஒலிபெருக்கி, பாடசாலை மணி எல்லாம் அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கின்றன, பிள்ளையின் குரலைத் தவிர. கைபேசியின் குரல் தட்டச்சு ‘விளங்கேல்லை’ என்றால் தடுமாறும். இன்னொன்று, பெற்றோரையும் சந்திக்க எண்ணமிருந்தால் நல்லூர்த் திருவிழா 25 நாளையும் நாட்காட்டியில் முதலே வெட்டிவிடுங்கள்.

நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் பகுப்பாய்வுக்கு 2006இல் பிரவுணும் கிளார்க்கும் எழுதிய ஆறு படிகள். குறியீடுகளைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி விறாந்தை முழுக்கப் பரப்பினேன். அம்மா விளக்குமாறோடு வந்து நின்று, “என்ன பிள்ளை, கடதாசிக் கடை போடப்போறியோ?” என்றார். மின்விசிறியைப் போட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

வாய்மொழிப் பரீட்சையில் நேர்காணல் பகுதியைக் கிழிப்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அதை இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டார்கள். பிடித்தது நான் மிகவும் நம்பியிருந்த எண்ணை.

“இந்த 196 பேரையும் எழுமாற்றாய் எடுத்தனீங்களோ, கிடைச்ச 196 பேரோ?”

கிடைத்த 196 பேர் என்றேன். அந்த அட்டவணை எழுமாற்று மாதிரிக்கானது. முதலில் வந்து சேர்ந்த படிவங்களை எண்ணி எடுத்துவிட்டு, அட்டவணை சொன்ன எண் என்று நிமிர்ந்து நிற்க முடியாது. ‘வசதி மாதிரி’ என்று மாற்றி, ஆய்வின் மட்டுப்பாடுகள் பகுதியில் ஒரு பக்கம் எழுதி, ஆசிரியர் வகுப்பில் நின்றதையும் சேர்த்துக் கொடுத்தேன். திருத்தத்தோடு சித்தி.

அனுமதிக் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது: ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அலுவலகத்துக்கு வழங்க வேண்டும். போன செவ்வாய் கொண்டுபோனேன். அதே மேசை, அதே உத்தியோகத்தர். இந்த முறை வாங்கி, மட்டையைத் திருப்பி, முதல் பக்கத்தை வாசித்தார்.

“மிஸ், இதையும் அதிபர் ஊடாகத் தாங்கோ.”

இப்போது அது எங்கள் அதிபரின் மேசையில், வரவுப் பதிவேட்டுக்குக் கீழே இருக்கிறது.