பரமேஸ்வரன் விஹாரிலிருந்து வார் மெமோரியல் வரை

சாலிகிராமம் ஆற்காடு சாலையில் 'பரமேஸ்வரன் விஹார்' என்றொரு ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. சாமி பெயர் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களும் உண்டு. அது மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர். சென்னையில் அவர் நினைவைத் தேடிப் போவதென்றால் ஒரு பகல் போதும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் பார்ப்பதெல்லாம் வெறும் பெயர்ப்பலகைதான்.

1946இல் பம்பாயில் பிறந்தவர். சென்னை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி முடித்து, 1972 ஜூன் 16 அன்று மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1987இல் இந்திய அமைதிப்படையில், 8ஆவது மகார் பட்டாலியனோடு இலங்கைக்குப் போனார். நவம்பர் 25 பின்னிரவு, தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் பதுங்கியிருந்த விடுதலைப் புலிகள் சுட்டார்கள். பரமேஸ்வரன் பதறாமல் பின்பக்கமாகச் சுற்றி வளைத்து அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவர் மார்பில் சுட்டார். அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தி, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் 5 பேர் மாண்டார்கள். 3 துப்பாக்கிகளும் 2 ராக்கெட் லாஞ்சர்களும் கிடைத்தன.

எதிரில் நின்றவர்களும் தமிழர்கள். அவரைப் பற்றி இங்கே பேசும்போது ஒரு தயக்கம் வருவது அதனால்தான். 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னையில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. படையை அனுப்பியது சரியா என்பது வேறு வழக்கு. தன்னை நம்பி வந்த ஆட்களுக்காக அந்த இருட்டில் அவர் செய்ததை அந்த வழக்கோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பலர் தடுமாறும் இடம் விருதின் பெயர். தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனுக்கும் பரம் வீர் சக்ரா என்றே எழுதிவிடுகிறார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த அவருக்குக் கிடைத்தது அசோக சக்ரா. எதிரியை நேர்கொண்ட போருக்குப் பரம் வீர் சக்ரா. மற்றச் சூழலில் காட்டும் வீரத்துக்கு அதற்கு இணையான அசோக சக்ரா. பதக்கம் தொங்கும் நாடாவைப் பார்த்தே சொல்லிவிடலாம்: முன்னது முழுக்க ஊதா, பின்னது பச்சை, நடுவில் காவிக் கோடு.

பரமேஸ்வரன் பயின்ற அந்தப் பயிற்சிப் பள்ளிதான் பரங்கிமலையில் இருக்கும் இன்றைய ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமி. முகுந்தும் அங்கே பயின்றவர். உள்ளே அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் பெயர். நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று படமும் எடுக்காதீர்கள். பயிற்சி முடிப்பவர்களின் குடும்பம் அழைப்போடு வரும் நாளில்தான் அந்தத் திடலைப் பார்க்கலாம்.

அங்கிருந்து பூந்தமல்லி சாலையில் வந்தால் நந்தம்பாக்கம் போர்க் கல்லறை. பரமேஸ்வரனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே இருப்பவை இரண்டாம் உலகப் போரின் 856 கல்லறைகள். பின்புறத்தில் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள். ஆனாலும் போகச் சொல்வேன், ஒரு படைவீரனின் கல்லை வாசிக்கப் பழக இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. குறிப்பிட்ட ஒருவரைத் தேடினால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் முன்பே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: பகுதி, வரிசை, கல்லறை என்று மூன்று பாகம். கல்லில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. விருது பெற்றவரானால் பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்து கூடியிருக்கும், அவ்வளவுதான். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு. அடியில் ஒரு வரி இருந்தால் குனிந்து படியுங்கள், அது குடும்பம் எழுதிக் கொடுத்தது.

உச்சி வெயிலில் எழுத்து வெளுத்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது குழிக்குள் நிழல் நின்று ஒவ்வொரு எழுத்தும் எழுந்து வரும். சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள், கல் கெடும். கல்லடியில் உள்ள செடிப் பாத்தியை மிதிக்காமல் நில்லுங்கள்.

கடைசியாகக் கோட்டைக்குத் தெற்கே, மெரினா தொடங்கும் இடத்தில் வார் மெமோரியல். முதல் உலகப் போர் வெற்றிக்காக எழுப்பி, பிற்காலப் போர்களையும் சேர்த்துக்கொண்ட நினைவிடம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, 1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 இரண்டு நாளும் ராணுவத்தார் மலர்வளையம் வைப்பார்கள். சுற்றிலும் வண்டிகள் விரையும் சாலை. வயதானவர்களோடு போனால் ஞாயிறு விடிகாலையில் கடப்பது சுலபம்.