யூரியா ஊற்றிய தொட்டியும் ஊற்றாத தொட்டியும்

மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளில் தட்டைப்பயறு விதைத்து, ஒன்றுக்கு மட்டும் வாரந்தோறும் யூரியா கரைசல் ஊற்றி வந்தேன். நாற்பதாம் நாள் பிடுங்கி வேரை அலசியபோது, யூரியா காணாத செடியில் மிளகளவு முடிச்சுகள் கொத்துக்கொத்தாக இருந்தன; நகத்தால் கீறினால் உள்ளே, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதமான லெக்ஹீமோகுளோபினின் இளஞ்சிவப்பு. மற்றது கரும்பச்சையாகத் தழைத்திருந்தாலும், வேரில் கடுகளவாய் நான்கைந்து வெளிறிய புடைப்புகளே தென்பட்டன.

யூரியாவை அள்ளிப்போட்டால் பயறு முடிச்சுவிடாது என்பது உழவர்களுக்குப் பழைய செய்தி. முடிச்சுக்குள் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உதவும் வடிவமாக மாற்றித் தரும் (நிலைப்படுத்தும்) ரைசோபியம் என்னும் பாக்டீரியாவை உரம் கொன்றுவிடுகிறது என்று சிலர் சொல்லும் விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. முடிச்சு வேண்டாமென்று முடிவெடுப்பது செடிதான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை நிலைப்படுத்தக் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 செலவாகிறது, அதற்கான சர்க்கரையைச் செடியே தர வேண்டும். யூரியா மண்ணில் மாறித் தரும் நைட்ரேட்டை உறிஞ்சுவது அதைவிட மலிவு.

இந்தக் கணக்கைப் பார்க்கும் புரதங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதுதான் வியப்பு. லோட்டஸ் ஜப்பானிகஸ் என்னும் சிறு பயறினச் செடியில் 1999-இல் இனங்காணப்பட்ட 'நின்' என்னும் புரதம் இல்லாவிட்டால் முடிச்சே தோன்றாது. அதன் உடன்பிறப்புகளான என்எல்பி புரதங்கள் நைட்ரேட்டை உணர்ந்து உயிரணுவின் உட்கருவில் தங்குபவை. நின்னோ பரிணாமத்தில் அந்த உணர்வை இழந்து முடிச்சு வேலைக்கு வந்தது. 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளங்கண்ட என்ஆர்சிம்1 என்னும் என்எல்பி, நைட்ரேட் மிகும்போது உட்கருவில் குவிந்து, சிஎல்இ-ஆர்எஸ்2 என்னும் சிறு பெப்டைடுக்கான மரபணுவை முடுக்குகிறது. அந்தப் பெப்டைடு வேரிலிருந்து தண்டேறி, மேலே ஹார்1 என்னும் ஏற்பியைத் தொட, அங்கிருந்து திரும்பும் சமிக்ஞை புதிய முடிச்சுகளை அடக்குகிறது. முடிச்சு அளவுக்கு மிஞ்சாமலிருக்க இதே மரபணுவை முடுக்குவது நின்! என்ஆர்சிம்1 பழுதான செடியோ நைட்ரேட் நிறைந்த மண்ணிலும் முடிச்சுவிடுகிறது.

ஏற்கெனவே உருவான முடிச்சுகளின் கதை வேறு. மண்ணில் நைட்ரேட் கூடும்போது முடிச்சுக்குள் துத்தநாகம் குறைய, அதுவரை இழைகளாகக் கோத்துக் கிடந்த 'ஃபன்' என்னும் புரதம் பிரிந்து செயல்படத் தொடங்கி முடிச்சைக் கலைக்கிறது என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே என் தொட்டியின் வெளிறிய புடைப்புகளில் எவை வளராமல் நின்றவை, எவை வளர்ந்தபின் கலைக்கப்பட்டவை என்று வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. அடுத்த விதைப்பில், முடிச்சுகள் சிவந்த பிறகே யூரியா ஊற்றப்போகிறேன்.