விலாங்கு படுக்கும் ஊர்

எத்தனையோ வருடமாக சிட்னியின் பரமட்டா ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறேன், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போன சனிக்கிழமை பரமட்டா ஏரியைச் சுற்றியுள்ள காட்டுக்குள் புஷ்வாக் போனபோதுதான் தெரிந்தது. எங்களை அழைத்துப் போனவர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான டாருக் மக்களைச் சேர்ந்த ஒரு அம்மா. நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: பரமட்டா என்றால் விலாங்கு படுத்திருக்கும் இடம், இங்கே வாழ்ந்த குலத்தின் பெயர் புர்ராமட்டகல். 1788-இல் வெள்ளைக்காரர்கள் குடியேறி ரோஸ் ஹில் என்று வைத்த பெயர் மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை, 1791-இல் ஆளுநர் பிலிப்பே பரமட்டா என்று மாற்றினார். பெயரை ஏற்றுக்கொண்டவர்கள், அதை வைத்த மக்களிடம் நிலத்தை விட்டுவைக்கவில்லை. அதை அந்த அம்மா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

சுற்றிவர நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மணற்பாறையும் யூகலிப்டஸ் மரங்களுமாகப் போகிற பாதை. ஓரிடத்தில் மரத்தடியில் சுண்ணாம்பு தெளித்தது போல எச்சம் கிடந்தது, மேலே அண்ணாந்தால் கிளையில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆந்தை உட்கார்ந்தபடியே தூங்குகிறது! பாசம் என்கிற மரவிலங்குதான் அதற்கு முக்கிய இரை.

அப்புறம் அணைக்கு வந்தோம். ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று 1856-இல் கட்டி முடித்தது. கல்லை வில் போல வளைத்துக் கட்டியிருக்கிறார்கள், தண்ணீரின் பாரம் இரண்டு பக்கத்துப் பாறைக்கும் போய்விடும். அழகான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரே கேள்வி, கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டிய விலாங்கு இந்தச் சுவரை என்ன செய்யும்?

ஏறும் என்றார்! விரல் நீளக் குஞ்சுகள் ஈரச் சுவரில் ஒட்டி ஒட்டி மேலே வருமாம், ஈரப் புல்லில்கூட ஊர்ந்து போகுமாம். அதற்கு முந்தைய பயணம் இன்னும் பெரிது. நல்ல தண்ணீரில் பல பத்தாண்டுகள்கூட வளர்ந்த விலாங்கு, ஒரு பெரிய மழையில் ஆற்றோடு இறங்கி, சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப் போய் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. இலை மாதிரி இருக்கும் குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையை நெருங்கும்போது கண்ணாடி போல மாறி, யாரும் வழி காட்டாமலே ஆற்றுக்குள் நுழைகின்றன.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று இரண்டு பக்கமும் பேசுகிறவனை நாம் சொல்வோம். இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பழமொழியைச் சொல்ல மனமில்லை.

கடைசியில், ஆழமில்லாத ஓரிடத்தில் அந்த அம்மா கையமர்த்தினார். எல்லோரும் நின்றோம். பாறையடியில் என் முழங்கை கனத்துக்கு ஒன்று கிடந்தது. பழுப்பில் திட்டுத் திட்டான உடம்பு, முதுகு நெடுக ஒரே துடுப்பு, அது மட்டும் மெல்ல அலைந்தது. வாய் திறந்து மூடிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம், அது நகரவில்லை, ஊர்ப் பெயர் சொல்வது போலவே படுத்திருந்தது.