எத்தனை பந்து போட்டாய், தம்பி?

வேகப்பந்து வீசும் பையன்களை சீசனுக்கு முன்னால் பரிசோதித்து அனுப்புவது என் வேலையில் ஒரு முக்கியமான பகுதி. சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 13 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்கள். ஸ்கிரீனிங் என்றதும், பையனை ஏதோ மெஷினுக்குள் நிறுத்தி, இவனுக்கு அடிபடும், இவனுக்கு அடிபடாது என்று சொல்லிவிடுவோம் என்ற நம்பிக்கையோடு வருகிற பெற்றோர் உண்டு. அந்த நம்பிக்கையை முதல் நாளே மெதுவாக இறக்கி வைத்துவிடுவேன். இந்த வேலையால் நிஜமாகவே ஒரு பயன் இருக்கிறது. அது அவர்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

இதற்கு வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். சுவரோரம் தரையில் ஒட்டிய ஓர் அளவு டேப், மூட்டுக் கோணம் அளக்கும் கோனியோமீட்டர், தாழ்வான ஒரு ஸ்டெப் பலகை, ஸ்டாண்டில் பொருத்திய போன். பையன் ஷூவைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். கவனிக்க வேண்டியது குதிகாலை. முழங்கால் சுவரைத் தொடும் முன் குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழும். பையனுக்கே அது தெரியாது. அதனால் நான் தரையில் உட்கார்ந்து, குதிகாலோடு விரலை ஒட்டி வைத்துக்கொண்டுதான் அளப்பேன். இங்கே ஒரு சென்டிமீட்டர் என்பது கணுக்காலில் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. வலது கால் 11, இடது கால் 7 என்று வந்தால் கேள்விகள் ஆரம்பிக்கும். எப்போதாவது கால் பிசகியதா? யாரிடம் காட்டினாய்? பல பேருக்குப் பழைய சுளுக்கு ஒன்று இருக்கும். எண்ணெய் போட்டு உருவிவிட்டு, வீக்கம் வடிந்ததும் மறந்திருப்பார்கள்.

அடுத்து ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்கச் சொல்வேன். முழங்கால் பாதத்துக்கு நேராக இறங்குகிறதா, கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிப்போகிறதா என்று பார்ப்பேன். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஒவ்வொரு பந்துக்கும் இதே வேலையை முழு ஓட்டத்தோடு செய்கிறது. அந்தக் கால் கிரீஸில் இறங்கும் கணத்தில் தரை திருப்பித் தருகிற விசை, உடல் எடையைப் போல 5 மடங்குக்கு மேலும் ஆய்வகங்களில் பதிவாகியிருக்கிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி அது கீழ்முதுகுக்கு வந்து சேரும் நேரத்தில், முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பிக்கொண்டும் இருக்கிறது. வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது பக்கக் கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (சிறுகச் சிறுக விழும் எலும்பு விரிசல்) வருவது இதனால்தான். எலும்பு ஒரே நாளில் விரிந்துவிடுவதில்லை. பழைய சுமையிலிருந்து அது தேறி வருவதற்குள் அடுத்த சுமை ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் காயத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது இதே கீழ்முதுகு எலும்பு முறிவுதான் வந்தது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் நிறைய. பெர்த்தில் ஃபிராங்க் பைக் என்ற உடற்பயிற்சி அறிவியலாளரோடு சேர்ந்து மாதக்கணக்கில் உடம்பைத் திரும்பக் கட்டி, 1974-75 ஆஷஸ் தொடரில் பந்தோடு வந்து நின்றார். 1987-இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது இங்குள்ள பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவரும் அவர்தான். தன் முதுகிலேயே பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் இந்த ஊருக்கு ஆசிரியராக வாய்த்தது பெரிய பேறு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பந்துவீச்சைப் படம் பிடிப்பதும் ஸ்கிரீனிங்கில் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் புரூஸ் எலியட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இளம் வீச்சாளர்களை ஆராய்ந்து சொன்ன ஒரு விஷயம் எங்கள் தொழிலையே மாற்றியது. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறொரு திசையையும் பார்க்கிற ‘மிக்ஸ்ட் ஆக்‌ஷன்’ உள்ளவர்களுக்கு, அதாவது பின்கால் இறங்கிய பிறகும் தோள் எதிர்த்திசையில் அதிகமாகச் சுழல்கிறவர்களுக்கு, கீழ்முதுகுக் கோளாறு கூடுதலாக இருந்தது. இதைக் கவனிக்க போனின் ஸ்லோ மோஷனே பெரும்பாலும் போதும். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா, அதாவது பந்தை விதிக்குப் புறம்பாக எறிகிறானா (‘சக்’ என்பார்கள்) என்பது வேறு விவகாரம். அதை அளக்க போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இருப்பது போன்ற ஆய்வகம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, “பையன் சக் பண்றானான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று வருகிறவர்களிடம் அது என் வேலை இல்லை என்று சொல்லிவிடுவேன்.

இனி, மதிப்பெண் விஷயம். 1990-களில் அமெரிக்காவின் கிரே குக்கும் லீ பர்ட்டனும் உருவாக்கிய ஒரு முறை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. குந்துதல், தடை தாண்டிக் கால் வைத்தல் என்று ஏழு அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, மொத்தம் 21. 2007-இல் வந்த ஓர் ஆய்வு, 14-ஓ அதற்குக் கீழேயோ எடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குக் காயம் அதிகம் என்றதும், 14 என்பது பாஸ் மார்க் மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்தக் கோடு நிற்கவில்லை. நார்வேயின் விளையாட்டு மருத்துவர் ரோவால்ட் பாஹர் 2016-இல் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: யாருக்குக் காயம் வரும் என்று இந்தப் பரிசோதனைகளால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காயம்பட்டவர்களின் அளவுகளையும் படாதவர்களின் அளவுகளையும் பக்கத்தில் வைத்தால், பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எங்கே கோடு போட்டாலும் நல்லவன் ஒருவன் மாட்டுவான், ஆபத்தில் இருப்பவன் ஒருவன் தப்பிப்பான்.

நான் தினமும் பார்ப்பதும் அதுதான். குந்தும்போது குதிகால் எழுகிற பையன் சீசன் முழுக்க ஓடுகிறான். எல்லா அசைவும் அழகாகச் செய்தவன் செப்டம்பரில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்த ஏழு அசைவு முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: எந்த அசைவிலாவது வலி வந்தால் அதற்குப் பூஜ்யம். மற்ற நுணுக்கமெல்லாம் அப்புறம்.

ஆனால் வலியைப் பையன் சொல்ல வேண்டுமே? பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டிவந்தார். வலது கை வேகம். ஏழு அசைவிலும் சேர்த்து 17 எடுத்தான். கணுக்கால் இரண்டும் சமம். முழங்கால் நேராக இறங்கியது. எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. கடைசியாக, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னேன். வலது காலில் சாதாரணமாக வளைந்தான். இடது காலில் நின்று வளைந்தபோது பாதியில் மூச்சை ஒரு கணம் பிடித்துவிட்டு, பிறகு வளைந்தான்.

“வலிக்குதாப்பா?”

“இல்ல மேடம். கொஞ்சம் டைட்டா இருக்கு.”

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “போன வாரம் எத்தனை பந்து போட்ட தம்பி?” என்று கேட்டேன். யோசித்தான். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். காலையில் ஸ்கூல் நெட்ஸ், சாயங்காலம் அகாடமி நெட்ஸ், ஞாயிற்றுக்கிழமை ஏரியா அண்ணன்களோடு மேட்ச். “டென்னிஸ் பாலும் கணக்குல வருமா மேடம்?” என்று கேட்டான். பந்து லேசானதுதான், ஆனால் கால் இறங்குகிற இடம் சிமெண்ட். இறங்குகிற உடம்பும் அதே உடம்பு. அதற்கு முந்தின மாதம் என்ன செய்தாய் என்றால், கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூரில் பாட்டி வீடு. ஒரு பந்தும் போடவில்லை. பூஜ்யத்திலிருந்து ஒரே தாவாக வாரத்துக்கு நானூறு பந்துக்கு ஏறியிருந்தான். ஸ்கூல் கோச்சுக்கு அகாடமி தெரியாது, அகாடமிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மூன்றையும் கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

டாக்டரிடம் அனுப்பினேன். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை, இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கக் கீழ்முதுகு எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. விரிசல் இன்னும் விழவில்லை. அப்பா கேட்டார்: “ஊசி கீசி போட்டு இந்த ஒரு மாசம் ஓட்டிடலாமா மேடம்? செலக்‌ஷன் வருது.” அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பைக்கில் முன்னால் கிட் பேக், பின்னால் பையன் என்று வருடக்கணக்கில் அலைந்தவர். எலும்பு விரிந்துவிட்டால் போவது ஒரு மாதம் இல்லை, ஒரு சீசன் என்று படம் வரைந்து காட்டினேன். சில மாதம் பந்தைத் தொடாமல், இடுப்பையும் வயிற்றையும் பலப்படுத்தி, அப்புறம் சில ஓவர்களில் ஆரம்பித்துப் பையன் திரும்பி வந்துவிட்டான். அன்றைக்கு அவனைக் காட்டிக்கொடுத்தது அந்த 17 இல்லை. மூச்சுப் பிடித்ததும் விரல் விட்டு எண்ணியதும்தான்.

அதனால்தான் ஸ்கிரீனிங் தாளை செலக்‌ஷன் தாளாக ஆக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஓர் அகாடமியில் நான் கொடுத்த அளவுகளைப் பார்த்து அணியிலிருந்து பெயர்களை அடித்தார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து வந்த ஒரு பையனுக்கும் எங்கும் வலி இல்லை. ஒரு பையனுக்கும் பழைய சுளுக்குகூட இல்லை. இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், வலி பற்றிப் பையன் என்னிடம் சொல்வது சிகிச்சைக்கு மட்டும்தான், தேர்வுக்கு இல்லை என்று முதலிலேயே பேசிவிட்டுத்தான் டேப்பை ஒட்டுகிறேன்.

சிலவற்றுக்கு ஸ்கிரீனிங்கே தேவையில்லை. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாய்கிற நார்டிக் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உள்ள பயிற்சித் திட்டங்களில் ஹேம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அளவு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பையன்களும் செய்யட்டும். அளவு எனக்குப் பயன்படுவது வேறு இடத்தில். எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லும். வெறும் உடம்போடு ஒற்றைக் காலில் தடுமாறுகிறவன் தோளில் பார்பெல் வைக்கக்கூடாது; முதலில் ஸ்டெப் பலகைதான். அடிபட்டுத் திரும்புகிறவனுக்கும் அது வேண்டும். கால் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், பழைய நிலை எது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே.

உயரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்கிறேன். 13, 14 வயதில் பையன் திடீரென்று வளருவான். எலும்பு நீண்டுவிடும், அதற்கேற்ற உறுதி பின்னால்தான் வந்து சேரும். தசையும் இறுக்கமாக இருக்கும். வேகம் கூடுகிறதே என்று கோச்சுகள் அதிக ஓவர் கொடுப்பதும் அதே மாதங்களில்தான். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்கள் வயதுவாரியாக ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவெளியின்றி ஒரே மூச்சில் வீசுவதற்கு) இத்தனை ஓவர், ஒரு நாளைக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அகாடமிக்கும் தெருவுக்கும் சேர்த்து எந்த வாரியத்தாலும் எண்ண முடியாது. வீட்டில்தான் எண்ண வேண்டும்.

இப்போது ரிப்போர்ட் என்று நான் கொடுப்பது ஒரே பக்கம். மேலே இரண்டு பயிற்சி. இரண்டுக்கு மேல் கொடுத்தால் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். கீழே ஏழு நாள் கட்டம்: ஸ்கூல், அகாடமி, மற்றவை, மொத்தம். அம்மா அல்லது அக்கா ராத்திரி கேட்டு நிரப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை அதைப் படம் எடுத்து எனக்கும் இரண்டு கோச்சுக்கும் அனுப்பச் சொல்கிறேன். சில கோச்சுகள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே, “மேடம், இவன் காலையிலயே போட்டுட்டான், சாயங்காலம் பேட்டிங் மட்டும் கொடுக்கிறேன்” என்று எழுதுகிறார்கள். ‘மற்றவை’ என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வருகிறது. அதற்காக, டென்னிஸ் பால் மேட்ச் நடத்தும் ஏரியா அண்ணன்களின் நம்பரையும் பையன்களிடம் கேட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறேன்.